64 கிராம் பெட்டியைத் தூக்கிவிட்டவர்கள்

2017ஆம் ஆண்டு ஜூன் 22. ரமலானின் கடைசிப் பத்து. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சி, வாளியோடு வரும் பிள்ளைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்த நாள்கள். அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கரையில் உள்ள வாலப்ஸ் தீவிலிருந்து நாசாவின் ராக்கெட் ஒன்று கிளம்பியது. அதன் வயிற்றுக்குள் மாணவர்கள் செய்த சிறு சிறு பெட்டிகள். அவற்றில் ஒன்று நான்கு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு கனசதுரம். எடை 64 கிராம். ஒரு கோழி முட்டையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அந்த எடைதான். கார்பன் இழை கலந்த பொருளை முப்பரிமாண அச்சில் வார்த்து அந்தப் பெட்டியைச் செய்திருந்தார்கள். முடுக்கம், சுழற்சி, பூமியின் காந்தப்புலம் ஆகியவற்றை அளக்கும் உணரிகள் அதற்குள் இருந்தன. பெயர் கலாம்சாட்.

அதைச் செய்த குழுவின் தலைவர் ரிஃபாத் ஷாரூக். கரூர் மாவட்டம் பள்ளப்பட்டிக்காரர். அப்போது வயது 18. பள்ளப்பட்டியைத் தெரியாத தமிழ் முஸ்லிம் குடும்பம் குறைவு. வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போனவர்களின் ஊர் அது. அந்த ஊர்ப் பையன் செய்த பெட்டி வானத்துக்குப் போயிற்று என்ற செய்தி இங்கே வந்தபோது, தராவீஹ் முடிந்து வெளியே நின்றவர்களின் பேச்செல்லாம் அதுவாகவே இருந்தது. "நம்ம புள்ள" என்று பெருமைப்பட்டோம். பெருமைப்பட்டதோடு சரி. அந்தப் பெட்டி எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்று அன்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஐம்பதாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டபோது, விட்டுப்போன அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு திருத்தம். "உலகின் மிகச் சிறிய செயற்கைக்கோள்" என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ராக்கெட் டெரியர்-ஓரியன் வகையைச் சேர்ந்தது. நூறு கிலோமீட்டருக்கும் மேலே ஏறி, சில நிமிடங்களில் கடலை நோக்கித் திரும்பிவிடுவது. பூமியைச் சுற்றி வருவதல்ல. எனவே செயற்கைக்கோள் என்ற சொல் சற்று மிகை. இதைச் சொல்வதால் அந்தப் பையனின் உழைப்பு குறைந்துவிடாது. 18 வயதில் விண்வெளியின் வாசல்வரை தாங்கும் ஒன்றைச் செய்வது சாதாரணக் காரியமா? ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சரியாகச் சொல்ல வேண்டும். நாளைக்கு அவர்களே படித்துத் தெரிந்துகொண்டு நம்மைத் திருத்துவார்கள்.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்று பார்ப்போம். 'க்யூப்ஸ் இன் ஸ்பேஸ்' என்பது 11 முதல் 18 வயது வரையிலான மாணவர்களுக்கான உலகப் போட்டி. மாணவர்கள் ஒரு சோதனையை எண்ணிப் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானால் கையளவு பெட்டிக்குள் அதைச் செய்து தர வேண்டும். கலந்துகொள்ளக் கட்டணம் இல்லை. போட்டியை நடத்தியது ஐடூடுல்எடு என்ற சிறிய கல்வி நிறுவனம். ராக்கெட்டும் ஏவுதளமும் நாசாவுடையவை. மாணவர் சோதனைகளை ராக்கெட்டில் ஏற்றும் அனுபவம் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகங்களின் விண்வெளிக் கூட்டமைப்புடையது. இந்தியப் பக்கத்தில் பையனைக் கண்டெடுத்து, குழு சேர்த்து, வழிகாட்டி, செலவுக்கு ஆள் பிடித்தது ஸ்ரீமதி கேசன் நடத்தும் சென்னையின் 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா'. இந்த நால்வரில் ஒருவர் விலகியிருந்தாலும் பெட்டி பள்ளப்பட்டி மேசையிலேயே கிடந்திருக்கும். சிறிய நிறுவனத்திடம் ராக்கெட் கிடையாது. நாசாவுக்கு ஒவ்வோர் ஊர்ப் பையனையும் தேடிப்போக நேரம் கிடையாது. சென்னை அமைப்பிடம் ஏவுதளம் கிடையாது. ஒவ்வொருவரிடமும் இல்லாத ஒன்று இன்னொருவரிடம் இருந்தது.

அந்தப் பெட்டிக்கு வைத்த பெயரும் அது கிளம்பிய இடமும் சேரும் இடத்தில் இன்னொரு கதை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை. 1963இல் ராமேஸ்வரத்துப் படகுக்காரர் ஜைனுலாப்தீன் மரைக்காயரின் மகன், முப்பது வயதைத் தாண்டிய ஒரு பொறியாளர், ராக்கெட் ஏவும் முறையைக் கற்றுக்கொள்ள அமெரிக்கா அனுப்பப்பட்டார். பயிற்சியின் ஒரு பகுதி இதே வாலப்ஸ் தீவில். அங்கே வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியம் மாட்டியிருந்தது. போர்க்களம், பின்னணியில் ராக்கெட்டுகள் பறக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் ராக்கெட் விடுபவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர், தெற்காசிய முகங்கள். ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற திப்பு சுல்தானின் படை அது. சொந்த நாட்டில் மறந்துபோன ஒன்றை உலகத்தின் மறுகோடியில் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்களே என்று அப்துல் கலாம் பின்னாளில் தம் சுயசரிதையில் வியந்து எழுதினார். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து அவர் பெயர் தாங்கிய பெட்டி அதே தீவிலிருந்து மேலே போனது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார்.

கலாம் நாடு திரும்பிய கொஞ்ச நாளிலேயே, 1963 நவம்பர் 21 அன்று, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவர் கிராமத்திலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் கிளம்பியது. நைக்-அப்பாச்சி என்ற அந்த ராக்கெட் அமெரிக்கா கொடுத்தது. உள்ளே இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. கணினியும் ஹெலிகாப்டரும் சோவியத் நாட்டின் உதவி. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் மூன்று நாடுகளும் ஒரு தென்னந்தோப்புக்குள் வந்து நின்றன. இடம் கொடுத்தவர்கள் யார்? அங்கே மரிய மகதலேனா தேவாலயம் இருந்தது. விக்ரம் சாராபாய் ஆயரைப் போய்ப் பார்த்தார். ஆயர் பெர்னார்டு பெரேரா ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த மக்களிடம் கேட்டார். மக்கள் சம்மதித்து வீட்டையும் கோவிலையும் விட்டுக் கொடுத்தார்கள். தேவாலயத்தின் ஜெபக்கூடம்தான் கலாமின் முதல் ஆய்வுக்கூடம். ராக்கெட்டை ஏவுதளத்தில் ஏற்றும் நேரத்தில் தூக்கும் எந்திரத்தில் எண்ணெய் ஒழுகிப் பழுதாகிவிட்டது. எல்லோரும் சேர்ந்து கையால் தள்ளித் தூக்கி வைத்தார்கள். மாலை வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் சோடியம் மேகம் படர்ந்தது.

அதற்கும் பின்னால் போனால் ஒரு பெண் நிற்கிறார். சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது கட்டணத்துக்கு வேண்டிய பணம் கலாம் வீட்டில் இல்லை. அவருடைய அக்கா ஜொஹரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இதை நாம் உருக்கமான கதையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கொஞ்சம் வேறு மாதிரியும் பார்க்கலாம். ஒரு சமுதாயத்தில் படிப்புக்கு உதவ அமைப்பு ஒன்றும் இல்லாத இடத்தில், அந்த வேலையை அக்காவின் கழுத்துச் சங்கிலி செய்கிறது. அக்கா இல்லாத வீட்டுப் பையன் என்ன செய்வான்?

அமைப்புகள் இல்லாமல் நம்மவர்கள் இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. பினாங்கில் காதிர் மொஹிதீன் என்ற கப்பித்தான் கிளிங் 1801இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1887இல் சிங்கப்பூரில் மகதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்ற தமிழ் இதழைத் தொடங்கினார். அச்சகம் என்பது அந்தக் காலத்துக் கணினி. ஈய எழுத்து வாங்கி, கோர்க்க ஆள் பழக்கி, கப்பல்காரர்களிடமும் கடைக்காரர்களிடமும் சந்தா பிடித்து நடத்த வேண்டும். தாயகத்தில் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக் கல்லூரியும் 1951இல் வந்தன. கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் 1984இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். எல்லாம் வியாபாரப் பணம். வக்ஃபு, ஸகாத், ஸதகா என்று கொடுத்துப் பழகிய கை. ஆனால் அந்தக் கை பெரும்பாலும் கட்டடத்துக்கும் கட்டணத்துக்கும்தான் நீண்டிருக்கிறது. ஒரு பிள்ளை எதையாவது செய்து பார்த்து, அது கெட்டுப்போய், திரும்பச் செய்வதற்கு நீண்டது குறைவு. நம்மில் அறிவியல் பேசுபவர்களும் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். (நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். நம் மேடையிலேயே இரண்டு முறை.) பைத்துல் ஹிக்மாவைச் சேர்ந்த பனூ மூஸா சகோதரர்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் தானாக இயங்கும் கருவிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள். அவர்களுக்கு அப்பாஸிய கலீஃபா மஃமூனின் ஆதரவு இருந்தது. ஆதரவு என்ற அந்தப் பகுதியை மட்டும் நாம் பேச்சில் விட்டுவிடுகிறோம்.

பிள்ளைகளுக்கு அறிவியல் போட்டி வைத்து, அதற்கு அமைப்புகள் தோள் கொடுப்பது எங்கே தொடங்கியது என்று தேடினால், 1942 அமெரிக்கா ஒரு நல்ல தொடக்கம். அங்கே சயன்ஸ் சர்வீஸ் என்ற, அறிவியல் செய்திகளைப் பரப்பும் அமைப்பும் வெஸ்டிங்ஹவுஸ் என்ற மின்சாதன நிறுவனமும் சேர்ந்து உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் திறன் தேடல் போட்டியை ஆரம்பித்தன. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. 1950இல் பிலடெல்பியாவில் தேசிய அறிவியல் கண்காட்சி வந்தது. பின்னர் அது உலகப் போட்டியாக வளர்ந்தது. 1997 முதல் 2019 வரை அந்த உலகப் போட்டிக்குப் பணம் கொடுத்த நிறுவனம் இன்டெல்.

இன்டெல் என்றதும் வடக்கே இருக்கும் நமக்கு அறிவியல் கண்காட்சி நினைவுக்கு வராது. பஸ்தான் வரும். 1972இல் அந்த நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கு பாயான் லெப்பாசில் திறந்தது. அதைத் தொடர்ந்து மற்ற மின்னியல் நிறுவனங்களும் வந்தன. 1985இல் பினாங்குப் பாலம் திறந்தது. 1996இல் நமக்குப் பக்கத்திலேயே கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்தது. பால்மரத்துத் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிக்கொண்டிருந்த காலம் அது. பீடோங், சுங்கை பத்து, குருண் பக்கத்துத் தோட்டங்களில் தாயும் பாட்டியும் பால்வெட்டுக்குப் போன வீடுகளின் பிள்ளைகள் விடியலுக்கு முன் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். நுண்ணோக்கியில் கண் வைத்து, மெல்லிய தங்கக் கம்பி இணைப்புகளைப் பார்த்து, மாதச் சம்பளம் கொண்டுவந்தார்கள். பல குடும்பங்கள் தலை நிமிர்ந்தது அந்தச் சம்பளத்தில்தான். நம் சங்கத்து முதல் தலைமுறைப் பெண்கள் சிலரும் அந்த பஸ்ஸில் போனவர்கள். ஐம்பது ஆண்டுகளாக நம் வட்டாரம் சில்லு செய்கிறது. அந்தச் சில்லில் என்ன இருக்கிறது, அதை வைத்து வேறென்ன செய்யலாம் என்று அவர்கள் பிள்ளைகளைக் கேட்க வைத்தவர்கள் எத்தனை பேர்? ஒரே நிறுவனத்தின் பணம் கடலுக்கு அந்தப் பக்கம் மாணவர் கண்காட்சியாகவும் இந்தப் பக்கம் ஷிஃப்டு வேலையாகவும் வந்தது என்றால், அதில் நிறுவனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் 1942இலிருந்தே கூட்டாளியாகப் போய் நிற்க ஓர் அமைப்பு தயாராக இருந்தது.

இங்கே அப்படி ஒரு முயற்சி இரண்டாயிரத்துக்குப் பின் வந்தது. முனைவர் முகமட் யூனூஸ் யாசின் தலைமையில் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம், சுருக்கமாக ஆஸ்டி, தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் விழாவை நடத்தத் தொடங்கியது. நாட்டிலுள்ள தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுக்கும் மேல். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை தோட்டங்களில் பிறந்தவை. ஆய்வுக்கூடம் என்று சொல்லிக்கொள்ள ஓர் அலமாரிகூட இல்லாத பள்ளிகள் அவற்றில் பல. அங்கே போய், ஒரு கேள்வி கேள், எதை மாற்றப்போகிறாய், எதை மாற்றாமல் வைத்திருப்பாய், எதை அளப்பாய் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிக் கொடுப்பது சின்ன வேலையா? பள்ளி அளவில் தொடங்கி மாநிலம், தேசியம் என்று போட்டி ஏறுகிறது. பின்னர் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காக இளம் கண்டுபிடிப்பாளர் போட்டியும் வந்தது. அது எல்லா மொழிப் பள்ளி மாணவர்களுக்கும் திறந்தது. கல்வி அமைச்சின் ஒத்துழைப்பு, பல்கலைக்கழகங்களின் மண்டபம், நிறுவனங்களின் நன்கொடை, பள்ளிப் பெற்றோர் சங்கங்களின் சாப்பாட்டுப் பொட்டலம் என்று பல கைகள் சேர்ந்த வேலை. பின்னாளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் லண்டனிலும் இந்தோனேசியாவிலும் நடந்த புத்தாக்கப் போட்டிகளுக்குப் போய்த் தங்கப் பதக்கத்தோடு விமான நிலையத்தில் இறங்கிய படங்களைத் தமிழ் நாளிதழ்களில் பார்த்தோம்.

அந்தப் படங்களில் தெரியாத ஒன்றும் உண்டு. பல குழுக்களுக்கு டிக்கெட்டுக்கான பணம் கடைசி வாரம் வரை சேர்ந்திருக்காது. தலைமையாசிரியர் கடை கடையாக ஏறி இறங்குவார். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மாநில அளவில் நன்றாகச் செய்த குழு அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. கருவி கெட்டுப்போகவில்லை, பஸ் வாடகைக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண் பிள்ளை நம் சங்கத்து உறுப்பினர் வீட்டுப் பேத்தி. அந்த ஆண்டு நம் சங்கம் சிறந்த தேர்ச்சிக்கான பரிசளிப்பு விழாவை மண்டபம் பிடித்து, பிரியாணி போட்டு, நன்றாகவே நடத்தியது. அந்தப் பிள்ளைக்கும் அதில் ஒரு கோப்பை கிடைத்தது, கணிதத்தில் ஏ எடுத்ததற்காக. பஸ் வாடகை அந்தக் கோப்பைகளின் மொத்தச் செலவைவிடக் குறைவு. எங்களில் யாருக்கும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஐம்பது ஆண்டு வரலாறு எழுதும்போது இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. பரிசளிப்பு விழா தப்பான காரியம் என்பது என் கருத்து இல்லை. பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தி வைக்கவே போராடிய காலத்தில் தொடங்கியது அது. வாப்பா கடைக்கு வா என்று கூப்பிட்டால் படிவம் மூன்றோடு போய்விடும் பையன்களை, மேடையில் ஏற்றிக் கைதட்டி, இன்னும் இரண்டு ஆண்டு படி என்று சொன்ன விழா அது. அதனால் படித்து வந்தவர்கள் இன்று நம் மத்தியில் மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். ஆனால் நிலத்தடியில் தண்ணீர் மாறிவிட்டது. யூபிஎஸ்ஆர் தேர்வை அரசாங்கம் 2021இல் எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டே பிடி3யும் போயிற்று. இத்தனை 'ஏ'க்கு இத்தனை வெள்ளி என்ற நம் பட்டியலில் எஸ்பிஎம் ஒன்றுதான் மிச்சம். பல்கலைக்கழக நுழைவிலும் நூற்றில் பத்துப் புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு. மாநில, தேசிய, அனைத்துலகப் போட்டிகளில் கலந்துகொண்டவர்களுக்கு அதில் கூடுதல் மதிப்பு. பெற்றோர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். புத்தாக்கப் போட்டியைப் படிப்பைக் கெடுக்கும் விளையாட்டு என்று நினைக்கிற வீடுகள் நம்மில் இன்னும் இருக்கின்றன.

தோல்வி என்பதையும் பேச வேண்டும். கோப்பை கொடுக்கும் சங்கங்களுக்கு அது பழக்கமில்லாத விஷயம். 1979 ஆகஸ்ட் 10 அன்று கலாம் தலைமையில் செய்த எஸ்எல்வி-3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 317 விநாடியில் வங்கக்கடலில் விழுந்தது. பத்திரிகையாளர் முன்னால் வந்து பொறுப்பை ஏற்றவர் கலாம் அல்லர், நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18இல் அதே ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டபோது, பேசுவதற்குக் கலாமை முன்னே அனுப்பினார். இதைப் பலரும் தலைமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு: விழுந்த பிறகும் அடுத்த ஆண்டுக்குப் பணமும் ஆளும் இடமும் அப்படியே இருந்தன.

ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியாவின் கதையும் அதே பாடத்தைத்தான் படித்திருக்கிறது. வாலப்ஸ் பயணத்துக்குப் பின் அவர்கள் நிற்கவில்லை. 2019 ஜனவரி 24 அன்று 1.26 கிலோ எடையுள்ள கலாம்சாட்-வி2, பிஎஸ்எல்வி-சி44 ராக்கெட்டில் போய் உண்மையாகவே பூமியைச் சுற்றியது. ராக்கெட்டின் நான்காம் கட்டத்திலேயே அதைப் பொருத்தி வைத்திருந்தார்கள். இஸ்ரோ அதற்குக் கட்டணம் வாங்கவில்லை. பிறகு இந்தியச் சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டுக்கு ஆசாதிசாட் என்று ஒன்று. 75 அரசுப் பள்ளிகள், பள்ளிக்குப் பத்து மாணவிகள், ஆக 750 பெண் பிள்ளைகள். ஒவ்வொரு பள்ளியும் ஒரு சிறு கருவியைச் செய்தது. மதுரைப் பக்கம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளியும் அதில் உண்டு. எட்டுக் கிலோ எடை. 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் புதிய எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணத்தில் ஏற்றினார்கள். அந்தப் பெண் பிள்ளைகள் பலர் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு நேரில் வந்து பார்த்தார்கள். ராக்கெட் அழகாகத்தான் கிளம்பியது. ஆனால் இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வில் உணரிகளின் கணக்கு தவறி, செயற்கைக்கோள்களை வட்டப்பாதையில் விடுவதற்குப் பதில், ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழும் பாதையில் விட்டுவிட்டது. அந்த உயரத்தில் எதுவும் நிலைக்காது. 750 பேரின் உழைப்பும் காற்றில் போயிற்று.

பிள்ளைகளுக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். என்ன சொன்னார்களோ, என்ன செய்தார்கள் என்பது தெரியும். அதே பள்ளிகளின் வேலையை வைத்து ஆசாதிசாட்-2 தயாரானது. ஆறே மாதம். 2023 பிப்ரவரி 10 அன்று அதே வகை ராக்கெட்டின் இரண்டாம் பயணத்தில் அது சரியான பாதைக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் ஊருக்கு வருவோம். சுங்கைப் பட்டாணியிலிருந்து செமிலிங் போகும் பக்கம், சுங்கை பத்துவில், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டி எடுத்த இரும்பு உருக்கு உலைகளைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். அவற்றின் காலம் பற்றி அறிஞர்களிடையே பேச்சு ஓயவில்லை. சோழர் கல்வெட்டில் கடாரம் என்று வரும் பகுதிதான் இது. அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும் மண் ஊதுகுழாய்களை நான் நின்று பார்த்திருக்கிறேன். ஒருவர் தாது தோண்ட, ஒருவர் கரி சுட, ஒருவர் குழாய் வனைய, ஒருவர் துருத்தி மிதிக்க, ஆற்றோரத் துறையில் கப்பல்காரர் காத்திருக்க, இரும்பு வெளியே போயிருக்கிறது. எந்தக் குழாயிலும் யார் பெயரும் இல்லை.

அதற்குப் பக்கத்திலேயே செமிலிங்கில் 2001இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. மெர்போக்கில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம். கூலிமில் துவாங்கு சுல்தானா பாஹியா போலிடெக்னிக்கும், தொழிற்சாலைகளும். பினாங்கு கொம்தாரில் 2016இல் திறந்த டெக் டோம் அறிவியல் மையம். எல்லாம் காரில் ஒரு மணி நேரத்துக்குள். அந்தத் தொழிற்சாலைகளில் பொறியாளர்களாக இருக்கும் நம் உறுப்பினர்களின் மகன்களும் மகள்களும் இப்போது ஒரு கை விரல்களுக்கு மேல் போய்விட்டார்கள். பஸ்ஸில் போன அந்தப் பெண்களின் பிள்ளைகள் அவர்கள். சாலிடரிங் இரும்பு பிடிக்கவும், உணரியை இணைக்கவும், நிரல் எழுதவும் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் சொல்லித் தர அவர்களில் மூன்று பேர் என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் சங்கக் கட்டடத்தின் மேல்மாடி குர்ஆன் வகுப்பு முடிந்த பிறகு, மதியம் முதல் அஸர் வரை பூட்டித்தான் கிடக்கிறது. தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுக்கும் இடைநிலைப்பள்ளிப் போட்டிக்கும் தயாராகும் குழுக்கள், நம் பிள்ளைகளானாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளானாலும், அங்கே வந்து வேலை செய்யலாம். பெண் பிள்ளைகளின் குழுவுக்கு நம் மகளிர் பிரிவு பொறுப்பேற்கும் என்று தலைவி சொல்லிவிட்டார்.

கோப்பைச் செலவில் மூன்றில் ஒரு பங்கைப் போக்குவரத்துக்கும் உபகரணத்துக்கும் ஒதுக்கும் தீர்மானம் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வருகிறது. சென்ற முறை இதே தீர்மானம் இரண்டு ஓட்டில் தோற்றது. எதிர்த்தவர்களின் காரணம் நியாயமானதுதான்: தோற்றுப்போகும் குழுவுக்குச் செலவழித்ததை உறுப்பினர்களிடம் எப்படிக் கணக்குக் காட்டுவது? கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி திறந்து, குழுவின் பெயர், பள்ளி, என்ன செய்தார்கள், எது வேலை செய்யவில்லை, அடுத்த ஆண்டு என்ன மாற்றப்போகிறார்கள் என்று எழுதி வைத்தால் போதும் என்று பொருளாளர் இந்த முறை எழுதிக் கொடுத்திருக்கிறார்.